இரண்டு முறை ‘நார்மல்’: வலிப்புள்ள ஒரு சிறுமியின் மூளைப் படங்கள்

ஏழு வயதுப் பெண் குழந்தை. மூன்றரை வயதில் தொடங்கிய வலிப்பு. அதற்குள் நான்கு மருந்துகள், ஒரு சி.டி., இரண்டு எம்.ஆர்.ஐ., இரண்டு ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) பார்த்தாகிவிட்டது. எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டின் அடியிலும் ஒரே முடிவு: மூளையில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை. வலிப்பு மட்டும் இரவுக்கு ஐந்து, ஆறு என்று வந்துகொண்டே இருந்தது.

நான் கதிரியல் மருத்துவர். நோயாளியை நேரில் பார்ப்பது எனக்கு அபூர்வம். தினமும் பார்ப்பதெல்லாம் படங்களைத்தான். இந்தக் குழந்தையை மட்டும் நேரில் பார்த்தேன், அவளுடைய அம்மாவிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினேன். காரணம், இரண்டாவது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது. பெற்றோரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் நான்கு வருடங்கள்

பிரசவத்தில் சிக்கல் எதுவும் இல்லை. பிறந்ததும் அழுதாள், நடை, பேச்சு எல்லாம் அந்தந்த மாதத்தில் வந்தன. வீட்டில் வேறு யாருக்கும் வலிப்பு கிடையாது. மூன்றரை வயதில் இரவில் திடீரென்று முனகி எழ ஆரம்பித்தாள். கனவு கண்டு பயப்படுகிறாள் என்று பாட்டி விபூதி பூசினார், தாயத்து கட்டினார், தலையணைக்கடியில் ஒரு இரும்புச் சாவியும் வைத்தார். அரை நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கி, குழந்தை மறுபடி தூங்கிவிடும். எட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் பகலில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கை விறைத்து விழுந்தாள். அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

முதலில் எடுத்தது சி.டி. நம் ஊரில் ஒரு குழந்தைக்கு வலிப்பு என்றதும் டாக்டர்களின் மனசு முதலில் போவது ஒரு சின்ன வளையத்துக்குத்தான். மருந்து ஏற்றி எடுத்த சி.டி.யில் மூளையின் விளிம்போரம் பட்டாணி அளவில் வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். ஒரு காலத்தில் அதைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்து வந்தார்கள். 1980-களின் கடைசியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்த வளையங்கள் சிலவற்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, பலவற்றுக்கு உள்ளே இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு என்று தெரிந்தது. அதற்குப் பிறகு, இருபது மில்லிமீட்டருக்குள் இருக்கும் வளையத்தை, மற்ற ஆபத்து அறிகுறிகள் இல்லை என்றால், அவசரப்பட்டு டி.பி. என்று முடிவுகட்டாமல், வலிப்பு மருந்து கொடுத்துக் கவனித்துவரும் வழக்கம் வந்தது. இது இந்தக் கேஸுக்கு நேரடியாகத் தொடர்பில்லாத கதைதான். ஆனால் இந்தக் குழந்தையின் சி.டி.யில் வளையம் இல்லை என்றதும் எல்லோருக்கும் வந்த நிம்மதி, அடுத்த கேள்வியைக் கேட்கவிடாமல் செய்துவிட்டது.

முதல் எம்.ஆர்.ஐ. நான்கு வயதில், 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) இயந்திரத்தில். ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் துண்டுதுண்டாக எடுத்த சாதாரண மூளைப் படம். ரிப்போர்ட் நார்மல். இரண்டாவது ஆறு வயதில், 3 டெஸ்லா இயந்திரத்தில். அதுதான் நான் பார்த்தது. அனுப்பிய சீட்டில் இருந்தது மூன்றே சொல்: வலிப்பு, கட்டி இருக்கிறதா. கட்டி இல்லை. அன்று எனக்கு வந்த ஸ்டடிகளில் அது இருபத்தைந்துக்கு மேல் ஏதோ ஒன்றாக இருந்திருக்கும். குழந்தை அசைந்ததில் சில படங்கள் கொஞ்சம் கலங்கியிருந்தன. ‘நார்மல்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இதற்கிடையில் வால்ப்ரோயேட், லெவெடிராசெட்டம், ஆக்ஸ்கார்பாசெபைன், க்ளோபாசம் என்று மருந்து ஏறிக்கொண்டே போனது. க்ளோபாசம் சேர்ந்த பிறகு வகுப்பில் மேஜைமேல் தலைவைத்துத் தூங்க ஆரம்பித்தாள். வாயோரம் எச்சில் வழிந்தது. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை, தாங்கக்கூடிய அளவில், போதுமான காலம் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று சொல்ல வேண்டும் என்பது 2010-ல் உலக வலிப்புநோய்க் கழகம் வகுத்த வரையறை. இரண்டு என்ற கணக்கு சும்மா வந்ததில்லை. கிளாஸ்கோவில் 525 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியான ஆய்வில், அதற்குமுன் மருந்தே எடுக்காத 470 பேரில், முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 விழுக்காடு. இரண்டாவது மருந்தில் நின்றவர்கள் 13 விழுக்காடு. மூன்றாவது மருந்து, இரண்டு மருந்து சேர்த்து என்று என்ன செய்தும் அதற்குமேல் நின்றவர்கள் 4 விழுக்காடுதான். அந்த நான்கு விழுக்காட்டைத் துரத்திக்கொண்டு இந்தக் குடும்பம் இரண்டு வருடம் அலைந்திருக்கிறது.

அம்மாவின் போன்

திருப்பத்தைக் கொண்டுவந்தது எந்த இயந்திரமும் இல்லை. புதிதாகப் பார்த்த குழந்தை நரம்பியல் மருத்துவர், அம்மாவிடம் இரவில் போனில் வீடியோ எடுக்கச் சொன்னார். அம்மா ஒரு வாரத்தில் ஒன்பது வீடியோ கொண்டுவந்தார். நானும் பார்த்தேன். இருபத்திரண்டு நொடி. குழந்தை ஒருக்களித்துத் தூங்குகிறது. கண் திறக்கிறது. இடது கை மெல்ல மேலே எழும்பி, விரல்கள் விரிந்தபடி விறைக்கின்றன. வாயின் இடது ஓரம் இழுக்கிறது. தொண்டையில் ஒரு சத்தம். அப்புறம் இரண்டு காலும் மிதிக்கின்றன. முடிந்த உடனே “அம்மா, தண்ணி” என்று கேட்கிறாள்.

ஒன்பது வீடியோவிலும் முதலில் எழும்புவது அதே இடது கை. தூக்கத்தில், குறுகிய நேரம், கூட்டம்கூட்டமாக, முடிந்த கையோடு தெளிவு: மூளையின் முன்பகுதியான நெற்றிமடலில் கிளம்பும் வலிப்பின் சாயல் இது. இடது கையை ஆட்டுவிப்பது வலது மூளை. மூன்று நாள் உள்நோயாளியாக வைத்து வீடியோ ஈ.ஈ.ஜி. எடுத்ததில் பதினொரு வலிப்பு பதிவானது. இடையிடையே வலது நெற்றிமடலின் பின்பகுதியில் தாளம் தவறாத கூர்முனை அலைகள். முன்பு எடுத்த இரண்டு ஈ.ஈ.ஜி.யும் பகலில் அரைமணி நேரம் எடுத்தவை. அவற்றில் இது அகப்படவே இல்லை.

அன்று சாயங்காலம் அந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “போன வருஷம் நீங்க பார்த்த ஸ்டடி ஒண்ணு இருக்கு. வலது சுப்பீரியர் ஃப்ரான்டல் சல்கஸ், அதோட பின்பக்க அடிமட்டம். அதை மட்டும் ஒரு தடவை திறந்து பாருங்க.”

திறந்தேன். ஒரே ஒரு துண்டில், நெற்றிமடலின் மேல்புறம் ஓடும் அந்தப் பள்ளத்தின் அடியில், இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் வெளுப்பாக ஒரு புள்ளி. போன வருஷம் அதைப் பார்க்காமல் போனேனா, பார்த்தும் அசைவினால் வந்தது என்று தள்ளினேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது படம்

முட்டைகோஸை அரை அங்குலக் கனத்தில் வெட்டினால், வெட்டுப்பட்ட முகத்தில் மடிப்புகள் தெரியும். இரண்டு வெட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மடிப்பு தெரியாது. மூளையும் அப்படித்தான். ஐந்து மில்லிமீட்டர் கனத் துண்டில், அந்தக் கனத்துக்குள் இருக்கும் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் கலந்து ஒரே சராசரி நிறமாகப் பதிவாகும். சாய்வாக இறங்கும் ஒரு பள்ளத்தின் அடியில் ஒரு சென்டிமீட்டருக்கும் சின்னதாக இருக்கும் கோளாறு அந்தச் சராசரியில் கரைந்துவிடும். உலக வலிப்புநோய்க் கழகம் 2019-ல் பரிந்துரைத்த எம்.ஆர்.ஐ. முறை இதற்காகவே எழுதப்பட்டது. இடைவெளியே இல்லாமல் ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக ஒரு டி1 படம், அதே போல ஒரு ஃபிளேர் படம், நினைவுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸுக்குச் செங்குத்தாக மெல்லிய டி2 படம். டி1, ஃபிளேர், டி2 என்பவை ஒரே இடத்தை வெவ்வேறு நிறவேறுபாட்டில் காட்டும் எம்.ஆர்.ஐ. பட வகைகள். கனசதுரமாக எடுத்தால் எந்தத் திசையிலும் திருப்பி வெட்டிப் பார்க்கலாம். இதற்குப் புது இயந்திரம் தேவையில்லை. அதே 3 டெஸ்லா இயந்திரம்தான். கூடுதலாகத் தேவைப்படுவது அரைமணி நேரமும் அசையாத குழந்தையும்.

அசையாத குழந்தை என்று சொல்வது எளிது. ஏழு வயதுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்துதான் கொடுப்போம். ஆனால் இவளுக்கு, விரலை அசைக்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் படமும் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு விழித்திருக்க வேண்டும். எங்கள் டெக்னீஷியன் ஒருவர் இயந்திரத்தின் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து கொடுத்தார். பத்து நாள் வீட்டில் கட்டிலுக்கடியில் படுத்து, அந்த ‘டக்டக்டக்’ சத்தத்தைப் போட்டு, தலை அசையாமல் இருக்கிற விளையாட்டு. அசைந்தால் அம்மாவுக்கு ஒரு பாயிண்ட். கடைசி நாளில் அம்மா தோற்றுக்கொண்டிருந்தாராம்.

ஸ்கேன் அன்று வாசலில் ஒரு சின்ன நெருக்கடி. எம்.ஆர்.ஐ.யின் காந்தம் எந்த நேரமும் உயிரோடு இருப்பது. ஸ்கேன் ஓடாதபோதும் இழுக்கும். கொலுசு, காதுக் கம்மல், பாவாடையில் குத்தியிருந்த ஊக்கு எல்லாம் கழன்றன. தாயத்தைக் கழற்ற மட்டும் அம்மா தயங்கினார். தகட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே விட முடியாது. கடைசியில் நர்ஸ் அதை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து கொடுக்க, அம்மா வெளியே கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய பையைச் சோதித்தபோது, சுருக்குப் பையில் அந்த இரும்புச் சாவியும் இருந்தது. அதோடு அவர் காந்த அறைக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் புரட்டுகிறது.

படம் சுத்தமாக வந்தது. வலது நெற்றிமடலில், மேல்பள்ளத்தின் அடிமட்டத்தில், ஒன்பது மில்லிமீட்டர் அளவுக்குப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, தடித்திருந்தது. சாம்பலுக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்க வேண்டிய கோடு அந்த இடத்தில் மட்டும் ஈரத்தாளில் மை ஊறியது மாதிரி மங்கிப்போயிருந்தது. அங்கிருந்து ஒரு மெல்லிய வெளுப்பு, புனலின் வால்போலக் குறுகி, மூளையின் உள்ளறையை நோக்கி இறங்கியது. இந்த வால் தெரிந்தால் எங்களுக்கு வேறு சந்தேகம் வருவதில்லை. கரு வளரும்போது மூளைச் செல்கள் உள்ளறைச் சுவரில் பிறந்து மேற்பரப்புக்குப் பயணம் போகின்றன. அந்தப் பாதையிலேயே நேர்ந்த பிழையின் தடம் அது. இதற்கு ஃபோகல் கார்ட்டிகல் டிஸ்பிளேசியா என்று பெயர். 1971-ல் லண்டனில் டேவிட் டெய்லரும் கூட்டாளிகளும் அறுவை சிகிச்சையில் எடுத்த மூளைத் துண்டுகளில் முதன்முதலாக விவரித்தது. வெளியிலிருந்து வந்த கட்டியோ கிருமியோ இல்லை. புறணியின் ஒரு சின்ன ஓரம் தன் அடுக்கை ஒழுங்காக அடுக்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகும் ஏன் பெட் ஸ்கேன்

நியாயமான கேள்வி, அப்பாவும் கேட்டார். படத்தில் தெரியும் கோளாறும் வலிப்பு கிளம்பும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேறொரு இடத்தில் இன்னொன்று ஒளிந்திருக்கலாம். அடுத்த வழி கோளாற்றை அறுவையில் எடுப்பதுதான். ஆனால் மண்டையைத் திறக்கும் முன்னால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று சாட்சிகள் ஒரே இடத்தைக் கைகாட்ட வேண்டும்.

பெட் ஸ்கேனில் கதிரியக்க ஃபுளோரின் ஒட்டிய குளுக்கோஸைச் சிரையில் ஏற்றுகிறோம். அந்த ஃபுளோரின் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். கதிரியக்கப் பொருள் தயாரிக்கும் இயந்திரமான சைக்ளோட்ரானில் விடியற்காலையில் தயாராகி, ஈயப் பெட்டியில் வண்டியேறி வந்ததும் தாமதிக்காமல் ஊசி போட்டாக வேண்டும். மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரை தின்கிறது என்பது படமாக வரும். வலிப்பைக் கிளப்பும் பகுதி, வலிப்பு இல்லாத நேரத்தில் பக்கத்துப் பகுதிகளைவிடக் குறைவாகத் தின்னும், இருட்டாகத் தெரியும். வலிப்பின்போது நேர்மாறாக அள்ளித் தின்னும், பளீரென்று தெரியும். ஊசி போட்ட அரைமணி நேரத்துக்குள் ஒரு வலிப்பு வந்துவிட்டால் படம் தலைகீழாகிவிடும். அதனால் மங்கிய வெளிச்சத்தில், போனோ கதையோ பேச்சோ இல்லாமல், தலையில் ஈ.ஈ.ஜி. கம்பிகளோடு அவளைப் படுக்கவைத்தோம். வலிப்பு வரவில்லை.

குழந்தைகளின் வலிப்புக்கு இந்த ஸ்கேனின் மதிப்பைக் காட்டியது 1990-ல் லாஸ் ஏஞ்சலிஸ் யூ.சி.எல்.ஏ.வில் ஹாரி சுகானி குழு வெளியிட்ட ஆய்வு. ஒரு வயதுகூட ஆகாத பிள்ளைகளுக்கு வரும் ஒருவகைத் துடிப்பு வலிப்பில், மற்ற ஸ்கேனெல்லாம் நார்மலாக இருந்த சிலருக்கு பெட் படத்தில் ஒரு பக்கம் மட்டும் இருட்டாகத் தெரிந்தது. அந்த இடத்தை அகற்றியபோது, உள்ளே இருந்தது இதே மாதிரி அடுக்குத் தவறிய புறணி. மூளை முழுக்கப் பரவிய நோய் என்று கைவிட்டிருந்த வலிப்பில், சிலருக்காவது ஒரே ஒரு மூலை காரணமாக இருந்திருக்கிறது.

நம் குழந்தையின் படத்திலும் வலது நெற்றிமடலில் இருட்டு. ஆனால் ஒன்பது மில்லிமீட்டர் இல்லை, எலுமிச்சம்பழ அளவு. பெட் படத்தில் இருட்டு பெரும்பாலும் கோளாற்றைவிடப் பரந்துதான் தெரியும். அதை அப்படியே வெட்டும் எல்லையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட் படத்தை எம்.ஆர்.ஐ.மேல் பொருத்திப் பார்த்தபோது, இருட்டின் ஆழமான மையம் அந்தப் பள்ளத்தின் அடியிலேயே உட்கார்ந்தது.

வலிப்பு வரும் நேரத்திலேயே ஊசி போட்டு ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் ஸ்பெக்ட் ஸ்கேனைப் பற்றியும் பேசினோம். வேண்டாம் என்று விட்டோம். இவளுடைய வலிப்பே இருபது நொடிதான். ஊசி மருந்து கையிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் வலிப்பு முடிந்து, அலை வேறெங்கோ பரவியிருக்கும். மெக் எனப்படும் காந்தப்புலப் பதிவுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸுக்கு அனுப்பலாமா என்ற பேச்சும் வந்தது. சாட்சிகள் ஏற்கெனவே ஒத்துப்போனதால் தேவைப்படவில்லை. இருக்கிற எல்லா ஸ்கேனையும் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை பெற்றோருக்கு மட்டும் இல்லை, எங்களுக்கும் உண்டு. அதை அடக்குவதும் வேலையின் ஒரு பகுதி.

விரல்கள்

“ஆபரேஷன் பண்ணா கை போயிடுமா டாக்டர்?” அப்பாவின் கேள்வி இது ஒன்றுதான். மூளையில் கையை அசைக்கும் பகுதி, மேலிருந்து பார்க்கும் படத்தில், ஒரு சின்ன குமிழ்போலப் பின்பக்கம் புடைத்துத் தெரியும். கோளாறு அதற்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் சொச்சத்தில் இருந்தது.

செயல் எம்.ஆர்.ஐ.யில் மூளையின் வேலைசெய்யும் இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய்வதைப் பிடிக்கிறோம். பெரியவர்களுக்கு விரலை மேலும் கீழும் தட்டச் சொல்வது வழக்கம். குழந்தைகள் அதைச் செய்யும்போது தோளையும் ஆட்டிவிடுவார்கள். தலை அசைந்து படம் கெடும். இவளுக்கு நாங்கள் சொன்னது: இடது கை கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணு, பள்ளிக்கூடத்தில் கூட்டல் போடுவாயே, அது மாதிரி. சுண்டுவிரலில் தொடங்கி மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. பச்சை விளக்கு எரியும்போது எண்ண வேண்டும், சிவப்பில் நிறுத்த வேண்டும். தோள் அசையவே இல்லை. கையின் இடம் அந்தக் குமிழிலேயே ஒளிர்ந்தது, கோளாற்றில் இல்லை. அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகளை நீர்மூலக்கூறுகளின் ஓட்டத்தை வைத்து வரைந்தபோது, கோளாற்றுக்கும் இழைக்கட்டுக்கும் நடுவில் ஆறு மில்லிமீட்டர் கிடைத்தது.

ஆறு மில்லிமீட்டர் என்பது படத்தில்தான். மண்டையைத் திறந்து மூளைநீர் வடிந்ததும் மூளை கொஞ்சம் கீழே அமர்ந்துவிடும். முன்கூட்டி எடுத்த வரைபடம் நகர்ந்துவிடும். அறுவை மருத்துவர் அதைச் சொல்லித்தான் அப்பாவுக்குப் பதில் சொன்னார்: “கை போகாதுன்னு உறுதி சொல்ல மாட்டேன். சில வாரம் பலவீனமா இருக்கலாம். நிரந்தரமா பாதிக்கிற வாய்ப்பு குறைவு, ஆனா இருக்கு.” டெல்லி எய்ம்ஸில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 குழந்தைகளை வைத்து நடந்து 2017-ல் வெளியான ஆய்வையும் எடுத்துச் சொன்னார். அறுவை செய்த 57 பேரில் ஒரு வருடம் கழித்து வலிப்பில்லாமல் இருந்தவர்கள் 77 விழுக்காடு. மருந்தோடு காத்திருந்த 59 பேரில் 7 விழுக்காடு. அதே ஆய்வில் அறுவை செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பக்கவிளைவு இருந்தது, அவற்றில் ஒருபக்கக் கைகால் பலவீனமும் சேரும், என்பதையும் அவர் விடவில்லை. எல்லா வகை அறுவையும் அந்தக் கணக்கில் அடக்கம். பெற்றோர் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டு சரி என்றார்கள்.

அறுவையும் அதற்குப் பிறகும்

பள்ளத்தை விலக்கி, அடிமட்டத்தை மட்டும் எடுத்தார்கள். மூளையின் மேல் நேரடியாக மின்முனைகளை வைத்துப் பார்த்தபோது, ஈ.ஈ.ஜி.யில் கண்ட அதே தாளம் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. எடுத்த பிறகு அடங்கியது. நோய்க்கூறு அறிக்கை: டிஸ்பிளேசியாவில் இரண்டாம் வகை, பி பிரிவு. பலூன்போல ஊதிய செல்கள் இருந்தன. செல் எவ்வளவு வளர வேண்டும் என்று கட்டுப்படுத்தும் எம்-டார் என்ற பாதையில், கரு வளரும்போது ஒருசில செல்களில் மட்டும் ஏற்படும் மரபணு மாற்றம் இந்த வகைக்குக் காரணமாகலாம் என்பது 2015 வாக்கில் தெளிவானது. அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க நேரம் பிடித்தது. கர்ப்பத்தின்போது கிரகணத்தன்று வெளியே வந்ததுதான் காரணமோ என்று நான்கு வருடமாக உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்திருக்கிறார்.

முதல் மூன்று வாரம் இடது கைவிரல்கள் மந்தமாக இருந்தன, டம்ளர் நழுவியது. ஆறாவது வாரத்தில் சட்டைப் பொத்தான் போட்டாள். நான்காம் மாதம் காய்ச்சலில் உடம்பு நடுங்க, வலிப்பு திரும்பிவிட்டது என்று இரவோடு இரவாக ஓடிவந்தார்கள். குளிர் நடுக்கம்தான். பதினான்கு மாதம் ஆகிறது, வலிப்பு இல்லை. க்ளோபாசத்தை நிறுத்தியாகிவிட்டது, மற்ற மருந்துகள் தொடர்கின்றன. எப்போது குறைப்பது என்று நரம்பியல் மருத்துவர் அவசரப்படவில்லை. வகுப்பில் தூங்குவதில்லை. சாவி மட்டும் இன்னும் தலையணைக்கடியில் இருக்கிறதாம்.

இந்த மாதிரிச் சின்னக் கோளாறுகளைத் தேடும் கணினி நிரல்கள் இப்போது வந்துவிட்டன. பல நாட்டு மருத்துவமனைகளின் படங்களை வைத்து லண்டன் ஆய்வாளர்கள் உருவாக்கிய மெல்ட் கிராஃப் என்ற நிரல், மருத்துவர்கள் தவறவிட்ட டிஸ்பிளேசியாக்களில் 64 விழுக்காட்டைக் கண்டுபிடித்ததாக 2025-ல் எழுதியிருந்தார்கள். அதுவும் மெல்லிய கனசதுரப் படம் கொடுத்தால்தான் ஓடும். ஐந்து மில்லிமீட்டர் துண்டை வைத்துக்கொண்டு அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் இடத்தில் இப்போதைக்கு மாறியிருப்பது ஒரு சீட்டுதான். வலிப்பு என்று குழந்தையை அனுப்பினால், எந்தக் கை, எந்தப் பக்கம் தலை திரும்புகிறது, தூக்கத்திலா விழிப்பிலா, ஈ.ஈ.ஜி. என்ன சொல்கிறது என்று நான்கு கட்டம் நிரப்ப வேண்டும். நிரப்பாமல் வந்தால் டெக்னீஷியன் வார்டுக்குப் போன் போடுகிறார். திட்டு வாங்குகிறார், ஆனாலும் போடுகிறார்.

போன வாரம் அவளுடைய பதினான்காம் மாதப் படத்தைப் பார்க்க, ஒப்பிடுவதற்காகப் பழைய ஸ்டடிகளைத் திறந்தேன். கையெழுத்திட்ட ரிப்போர்ட்டை எங்கள் கணினியில் அழிக்க முடியாது. கீழே கூடுதல் குறிப்பு எழுதலாம், அவ்வளவுதான். ‘மூளையில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை’ என்ற என் வரி அப்படியே இருக்கிறது. அதற்கடியில், ஒரு வருடம் தள்ளிய தேதியோடு, நான் பிறகு சேர்த்த மூன்று வரிகள்: மறுபார்வையில், வலது நெற்றிமடலின் மேல்பள்ளத்து அடிமட்டத்தில், பன்னிரண்டாம் படத்தில், வெளுப்பு தெரிகிறது.